கிரவுண்டை முதலில் திறங்கள், மெஸ்ஸைக் கடைசியில்

கேள்வி இது: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரி. மாணவர்கள் 900 பேர். 240 பேர் ஹாஸ்டலில். மீதி 660 டே ஸ்காலர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் பொள்ளாச்சி, ஆனைமலை, கோவைப் பக்கமிருந்து தினமும் எல்லை தாண்டி வருகிறவர்கள். கொரோனா மாதிரி மறுபடி ஒன்று வந்து கல்லூரியை மூடித் திறக்க வேண்டி வந்தால், வகுப்பு, ஹாஸ்டல், விளையாட்டு மூன்றையும் எந்த வரிசையில், எப்படித் திறப்பது? பிரின்சிபால் திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.

2020, 2021-இல் பெரும்பாலான கல்லூரிகள் சறுக்கியது வரிசையில்தான். வகுப்புக்காக ஹாஸ்டலைத் திறந்தார்கள், ஹாஸ்டலுக்காக மெஸ்ஸைத் திறந்தார்கள், கிரவுண்டை மட்டும் பூட்டி வைத்தார்கள். காற்றில் பரவும் நோய்க்கு இது தலைகீழ் வரிசை. 2020 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் 100-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்தபோது ஹாஸ்டல்களில் முழுக் கூட்டம்கூட இல்லை. அதிகாரிகள் கைகாட்டியது பொது மெஸ்ஸை. அதற்குப் பிறகுதான் சாப்பாடு பொட்டலமாக அறைக்குப் போனது. ஆகவே உங்கள் திட்டத்தின் முதல் வரியை இப்படி எழுதுங்கள்: திறந்தவெளி முதலில், காற்றோட்டமுள்ள வகுப்பு அடுத்து, முகக்கவசத்தைக் கழற்றியே ஆக வேண்டிய இடம் கடைசியில்.

அதற்கும் முன்னால், வந்திருப்பது என்ன நோய் என்று பாருங்கள். நம் பக்கத்தில் இந்தக் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. கோழிக்கோட்டில் 2018-இலும் 2023-இலும் நிபா வந்தது. 2023 செப்டம்பரில் அந்த மாவட்டத்தில் கல்வி நிலையங்களை மூடி ஆன்லைனுக்குப் போனார்கள். நிபா நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு, பெரும்பாலும் கவனித்துக்கொண்ட வீட்டாருக்கும் ஆஸ்பத்திரி ஊழியருக்கும், பரவுவது. அங்கே வேலை முழுக்கத் தொடர்புப் பட்டியலும் 21 நாள் கண்காணிப்பும்தான். ஜன்னலைத் திறந்து வைத்துப் பெரிய பலன் இல்லை. கொரோனா, ஃப்ளூ இரண்டும் வேறு: அறிகுறி தெரியும் முன்பே, பேச்சிலும் மூச்சிலும் பரவும். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது வகைக்கு.

வாசலில் தெர்மாமீட்டர் துப்பாக்கியோடு ஆள் நிறுத்துவதில் பணத்தைப் போடாதீர்கள். வேலந்தாவளத்திலிருந்து பைக்கில் உச்சி வெயிலில் வந்தவனுக்கு நெற்றி சுடும், ஏ.சி. காரில் வந்தவனுக்குக் குளிரும், நோயின் முதல் இரண்டு நாளில் இருப்பவனுக்கு ஒன்றுமே காட்டாது. கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப்பாதையும் வேண்டாம். ஆட்கள்மேல் தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகமே 2020 ஏப்ரலில் சொல்லிவிட்டது. பெஞ்சைத் துடைப்பது கெடுதல் இல்லை, ஆனால் பொருளைத் தொட்டதால் தொற்று வரும் வாய்ப்பு ஒரு தொடுதலுக்கு 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. 2021-இல் கணக்குச் சொன்னது. துடைக்கும் ஆளை ஜன்னல் திறக்க அனுப்பினால் அதே சம்பளத்துக்கு அதிகப் பலன்.

இனி காற்று. 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3.2 மீட்டர் உயரம் உள்ள சாதாரண வகுப்பறையில் 256 கன மீட்டர் காற்று இருக்கும். மணிக்கு ஐந்து தடவை முழுக்க மாற வேண்டும் என்றால் 1,280 கன மீட்டர் வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். ஆள் கணக்கில் பார்த்தாலும், தலைக்கு வினாடிக்கு 10 லிட்டர் வீதம் 30 பேருக்கு மணிக்கு 1,080 கன மீட்டர். இரண்டு கணக்கும் ஒத்துப் போகின்றன. 60 பேரை உட்கார வைத்தால் 2,160 தேவை, அது வெறும் ஜன்னலால் எல்லா நாளும் கிடைக்காது. பாதி வகுப்பு என்ற விதிக்கு உண்மையான காரணம் இதுதான், ஆறடி இடைவெளி மட்டும் இல்லை.

சீலிங் ஃபேன் இருக்கும் காற்றைச் சுழற்றும், புதுக்காற்றைக் கொண்டு வராது. எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். சுவரில் மாட்டி வலையும் ஷட்டரும் போட்ட பிறகு அதில் பாதிதான் நிஜம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அடிக்கடி நடக்கும் தவறு, ஃபேனை மாட்டிவிட்டு அதன் பக்கத்து ஜன்னலையே திறந்து வைப்பது. ஃபேன் அந்த ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே தள்ளும், பின்வரிசைக் காற்று அசையாது. ஃபேன் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், எதிர்ச்சுவர் ஜன்னலையும் கதவையும் திறங்கள்.

நமக்கு ஒரு அதிர்ஷ்டம் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் திறப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கேயிருந்தும், நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கேயிருந்தும் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். கிழக்கு மேற்கு ஜன்னல் உள்ள அறைகளை முதலில் நிரப்புங்கள். வடக்கு தெற்கு மட்டும் உள்ளவற்றைப் பூட்டி வைத்தாலும் பரவாயில்லை. சிக்கல் என்னவென்றால், மழைக்காலத்தில் சாரல் மேற்கிலிருந்துதான் வரும், மார்கழி தையில் புழுதி கிழக்கிலிருந்துதான் வரும், இரண்டு காலத்திலும் யாராவது எழுந்து ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அதனால் மேலே இருக்கும் வென்டிலேட்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெளியே சாய்வாகத் தகரம் அடியுங்கள். யார் கையும் எட்டாத திறப்புதான் எப்போதும் திறந்திருக்கும்.

காற்று போதுமா என்று பார்க்க கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்குங்கள், கல்லூரிக்கு நாலு போதும். வெளியே வைத்தால் 420 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) பக்கம் காட்ட வேண்டும். பாடம் தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்து வகுப்பின் நடுவில் 800 வரை நல்லது, 1,000 தாண்டினால் ஆளைக் குறையுங்கள். விலை குறைந்த மீட்டர் சிலவற்றில் உண்மையான சென்சாரே இருக்காது. சோதிக்க ஒரு வழி: சானிடைசரைக் கையில் தேய்த்து மீட்டர் பக்கம் கொண்டு போங்கள். எண் எகிறினால் அது கார்பன் டை ஆக்சைடை அளக்கவில்லை, வாசனையை அளக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆசிரியருக்குக் காலர் மைக் கொடுங்கள். கத்திப் பேசுவதுதான் அதிகத் துளியை வெளியே தள்ளும்.

அடுத்தது மெஸ். எல்லாரும் முதலில் எழுதுவது 40 பேர் வீதம் ஆறு பந்தி. ஒரு பந்திக்கு 20 நிமிடம், துடைக்க 10 நிமிடம், ஆக ஒரு வேளைக்கு மூன்று மணி நேரம், மூன்று வேளைக்கு ஒன்பது. மூன்றாம் நாளே சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார், வார்டன் கண்டும் காணாமல் இருப்பார், எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போகச் சொல்வதுதான் நடக்கும் வழி. ஒரு ஆளுக்குப் பரிமாற 12 வினாடி என்றால் ஒரு கவுன்டரில் நிமிடத்துக்கு ஐந்து பேர். மூன்று கவுன்டர் போட்டால் 240 பேருக்கு 16 நிமிடம். தட்டும் டம்ளரும் அவரவருடையது. வராந்தாவிலோ மரத்தடியிலோ அறை நண்பர்களோடு மட்டும் சாப்பிடட்டும். ஒரே அறையில் தூங்குகிறவர்கள் ஒரு குடும்பம் மாதிரி, அவர்களைப் பிரிப்பதில் பொருள் இல்லை. கூட்டம் கவுன்டரில் சேராவிட்டாலும் தட்டுக் கழுவும் குழாயடியில் சேரும், அங்கே ஆள் வேண்டும். மேசைமேல் இருக்கும் பதிமுகத் தண்ணீர் (பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய குடிநீர்) ஜக்கை எடுத்துவிட்டுக் குழாய் வைத்த அண்டாவில் ஊற்றி வையுங்கள். ஒன்று மறந்து போகும்: பரிமாறுகிறவர்கள் ஊருக்குள்ளிருந்து தினம் வருகிறவர்கள். பரிசோதனைப் பட்டியலில் அவர்கள் பெயர் முதலில் இருக்க வேண்டும்.

டே ஸ்காலர்களை இரண்டு பாதியாகப் பிரித்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரவைப்பதை விட நல்ல வழி ஒன்று உண்டு. 2020-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் யூரி அலோனும் சகாக்களும் சொன்ன பத்துக்கு நான்கு முறை அது: தொடர்ந்து நான்கு நாள் வேலை, பிறகு பத்து நாள் வீடு. வகுப்பில் ஒருவருக்குத் தொற்றினால், அவர் அடுத்தவருக்குக் கொடுக்கும் அளவுக்கு முற்றுவதற்குள் வீட்டில் இருப்பார். 330 பேர் இந்த வாரம் திங்கள் முதல் வியாழன் வரை, மற்ற 330 பேர் அடுத்த வாரம். கிருமி இரண்டு நாளிலேயே பரவத் தொடங்குவதாக இருந்தால், ஒமிக்ரான் போல, இதன் பலன் குறைந்துவிடும். அப்போதும் கூட்டம் பாதியாகக் குறைந்த லாபம் மிச்சம்.

எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும், ஆனால் தேதிக் கணக்கைப் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் போக 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சான்று அல்லது இரண்டு டோஸ் சான்று கேட்டார்கள். ஞாயிறு காலை 10 மணிக்குச் சாம்பிள் கொடுத்தவருக்கு அது புதன் காலை 10 மணியோடு முடிந்தது. வியாழன் மாலை எல்லையிலுள்ள கோபாலபுரம் வழியாகத் திரும்பும்போது கையில் இருப்பது செல்லாத தாள். அந்த மாணவர்களுக்கு இடையில் வரும் மூன்று இரவும் ஹாஸ்டலில் காலி அறை கொடுப்பது மலிவு. எல்லையை வாரத்தில் எட்டுத் தடவைக்குப் பதில் இரண்டே தடவை தாண்டுவார்கள். பஸ்ஸையும் நம்ப வேண்டாம்: இரு மாநிலத்துக்கும் இடையே அரசு பஸ் மறுபடி ஓடத் தொடங்கியது 2021 டிசம்பர் 1-இல்தான், கல்லூரிகள் திறந்து பல வாரம் கழித்து. இடைக்காலத்தில் வாளையாரில் இறங்கி நடந்து அந்தப் பக்கம் வேறு பஸ் பிடித்தவர்கள் நிறையப் பேர். இரு மாநில விதியும் முரண்பட்டால் கடுமையானதைப் பின்பற்றுங்கள்.

தடுப்பூசி வந்துவிட்டால் திறக்கும் தேதியை டோஸ் இடைவெளியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 2021-இல் கோவிஷீல்டுக்கு 84 நாள் என்று இருந்தது. அப்போது ஆகஸ்ட் 1-இல் முதல் ஊசி போட்டவருக்கு இரண்டாவது அக்டோபர் 24-இல்தான். கல்லூரித் திறப்பு அறிவித்த பிறகு முகாம் நடத்தினால் எவருக்கும் பயன்படாது.

இனி விளையாட்டு. இதை ஆடம்பரமாக நினைத்துக் கடைசிக்குத் தள்ளுவார்கள். பறளி, முண்டூர் பள்ளிகள் தடகள வீரர்களை உருவாக்கிய மாவட்டத்தில் அப்படி நினைப்பதே தவறு. தொற்றுக் கணக்கிலும் தவறு. டென்மார்க் முதல்தர லீக்கின் ஆட்டங்களை வைத்து 2020-இல் பார்த்தபோது, முழு ஆட்டத்தில் ஒரு கால்பந்து வீரர் இன்னொரு குறிப்பிட்ட வீரருக்கு ஒன்றரை மீட்டருக்குள் இருந்தது சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. மூடிய அறையில் கதை வேறு. 2020 பிப்ரவரி, மார்ச்சில் தென்கொரியாவின் சொனான் நகரில் உடற்பயிற்சி நடன வகுப்புகளிலிருந்து 112 பேருக்குப் பரவியது: சுமார் 60 சதுர மீட்டர் அறை, 50 நிமிடம், வேகமான பாட்டு. தொற்றிருந்த அதே பயிற்சியாளர்களில் ஒருவர் நடத்திய, மெதுவாகச் செய்யும் பிலாட்டிஸ், யோகா வகுப்பில் யாருக்கும் வரவில்லை. ஆக, மூச்சு வாங்குவதும் கூரை இருப்பதும் சேர்ந்தால்தான் ஆபத்து.

ஆகவே ஓட்டம், நீளம் தாண்டுதல், எறிதல் முதல் நாளிலிருந்தே. கிரிக்கெட், வாலிபால் அடுத்து. பந்தில் எச்சில் தடவுவதை ஐ.சி.சி.யே 2020 ஜூனில் தடுத்தது, 2022-இல் நிரந்தரமாக்கியது. கால்பந்து மூன்றாவது, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸும் சேர்த்து, பார்வையாளர் இல்லாமல். செவன்ஸில் ஆடுகிற 14 பேரை விட ஒட்டி ஒட்டி உட்கார்ந்து கத்தும் கேலரிதான் கவலை.

ஷட்டில் கோர்ட்டில் ஒரு விசேஷத் தொல்லை. காற்றில் கார்க் விலகும் என்று கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தித்தான் ஆடுவார்கள், கணவாய்க் காற்றில் இன்னும் இறுக்கமாகச் சாத்துவார்கள். ஒரு கோர்ட்டுக்கு நான்கு பேர், 30 நிமிடம், பிறகு எல்லாரையும் வெளியேற்றி எல்லாவற்றையும் திறந்து 30 நிமிடம். மணிக்கு ஆறு தடவை காற்று மாறினால் அந்த அரை மணியில் பழைய காற்றில் 95 சதவீதம் போய்விடும். காத்திருக்கும் பையன்கள் உள்ளே ஓரமாக நின்று பார்ப்பதை அனுமதித்தால் இந்தக் கணக்கே வீண்.

கபடி கடைசி. ரெய்டர் 30 வினாடி மூச்சுவிடாமல் பாடிக்கொண்டே எதிரணி முகத்துக்கு நேரே நிற்கிறார், பிறகு நாலைந்து பேர் அவர்மேல் விழுகிறார்கள். இதைவிட நல்ல வாய்ப்பு எந்தக் கிருமிக்கும் கிடைக்காது. புரோ கபடி லீக்கே எட்டாவது சீசனை 2021 டிசம்பரில் பெங்களூருவில் ஒரே ஹோட்டலுக்குள், பார்வையாளர் இல்லாமல்தான் நடத்தியது. உங்களால் அந்த வளையம் போட முடியாது. ஆறு வாரத்துக்குக் காலடிப் பயிற்சி, பலம், மணல் மூட்டையைப் பிடித்து ஆங்கிள் ஹோல்ட் (கணுக்கால் பிடி) என்று ஓட்டுங்கள். ஜோடிப் பயிற்சி வேண்டுமென்றால் ஒரே ஜோடி, மாற்றக் கூடாது, திறந்த மண் தளத்தில்.

மேட்ச் ஆடியதால் வருவதைவிட மேட்சுக்குப் போன வண்டியில் வருவது அதிகம். 12 பேர், டெம்போ டிராவலர், ஏ.சி., கண்ணாடி ஏற்றி, இரண்டு மணி நேரம், ஜெயித்திருந்தால் பாட்டு வேறு. ஏ.சி.யை அணைத்து எல்லாக் கண்ணாடியையும் இறக்குங்கள், பாட்டு வேண்டாம். டிரஸ் மாற்றும் அறையைப் பூட்டிவிடுங்கள், ஜெர்சி போட்டுக்கொண்டே வரட்டும்.

நாலைந்து மாதம் வீட்டில் கிடந்த உடம்பை முதல் வாரமே வேலை வாங்கினால் தொற்றுக்கு முன்பே தசைநார் போய்விடும். 2011-இல் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். (நம் கால்பந்து இல்லை) உரிமையாளர், வீரர் தகராறால் மாதக்கணக்கில் மூடப்பட்டுத் திறந்தபோது முதல் 12 நாளிலேயே 10 பேருக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. பழைய பயிற்சி அளவில் முதல் வாரம் 50 சதவீதத்தைக் குறையுங்கள், இரண்டாம் வாரம் 30, மூன்றாவது 20, நான்காவது 10. மார்ச், ஏப்ரலில் திறந்தால் வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாள் தனியாக வேண்டும். காலை ஏழரைக்கு முன், மாலை ஐந்துக்குப் பின் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொற்று வந்து குணமானவர் கிரவுண்டுக்குத் திரும்புவதில்தான் பி.டி. மாஸ்டர்கள் அவசரப்படுகிறார்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2020-இல் 26 வீரர்களுக்கு இதய எம்.ஆர்.ஐ. எடுத்ததில் 4 பேருக்கு இதயத் தசை வீக்கம் தெரிந்தது, உலகமே பயந்தது. பிறகு பிக் டென் என்ற அமெரிக்க விளையாட்டுக் கூட்டமைப்பின் பல்கலைக்கழகங்களில் 1,597 பேரைப் பார்த்தபோது 37 பேர், அதாவது 2.3 சதவீதம். பயந்து ஓட வேண்டிய அளவு இல்லை, கண்டுகொள்ளாமல் விடும் அளவும் இல்லை. 2020-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவர்கள் சொன்ன படிகள் இவை. குறைந்தது 10 நாள் ஓய்வு, அதில் கடைசி 7 நாள் எந்த அறிகுறியும் இருக்கக் கூடாது. பிறகு இரண்டு நாள் 15 நிமிட மெதுநடை அல்லது சைக்கிள், நாடித் துடிப்பு உச்சத்தின் 70 சதவீதத்துக்குள். அடுத்த நாள் 30 நிமிடம், அதற்கடுத்த நாள் 45, பிறகு இரண்டு நாள் 60 நிமிடம், எல்லாம் 80 சதவீதத்துக்குள். அதன் பிறகு வழக்கமான பயிற்சி. மேட்ச் 17-ஆம் நாளுக்கு முன் கிடையாது.

நாடி பார்க்க வாட்ச் வேண்டாம். 20 வயதுக்கு உச்சம் 220-இல் 20 கழித்து 200. கழுத்தில் விரல் வைத்து 15 வினாடி எண்ணினால் 35 வந்தால் 70 சதவீதம், 40 வந்தால் 80. பயிற்சி நின்ற உடனே எண்ண வேண்டும். அரை நிமிடம் பேசிவிட்டு எண்ணினால் குறைந்திருக்கும். நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம், வழக்கத்தை மீறிய இளைப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்தி டாக்டரிடம் அனுப்பி ஈ.சி.ஜி., டிரோபோனின் (இதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), எக்கோ மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பரிசோதனை. நுழையும்போது ஒரே ஒரு ஆர்.டி.பி.சி.ஆர். என்பது அன்றைய நிலைமையை மட்டும் சொல்லும். பால்டியெல், ஜெங், வாலென்ஸ்கி மூவரும் 2020-இல் ஐயாயிரம் பேர் உள்ள கல்லூரிக்குப் போட்ட கணக்கில், 70 சதவீதமே பிடிக்கும் சாதாரண டெஸ்டானாலும் இரண்டு நாளைக்கு ஒருமுறை செய்தால் தொற்று அடங்கியது. செலவு தாங்காது என்றால் ஹாஸ்டலுக்கு ஐந்து சாம்பிளை ஒரே குழாயில் சேர்த்துச் செய்யுங்கள், 240 பேருக்கு 48 குழாய். தொற்று விகிதம் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஐ.சி.எம்.ஆர். இதை 2020 ஏப்ரலில் அனுமதித்தது. அறைவாரியாகச் சேருங்கள்: குழாய் பாசிட்டிவ் என்றால் அந்த அறையை அப்போதே ஒதுக்கலாம், தனித்தனி முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஒதுக்குவதற்கு 12 படுக்கையாவது, குளியலறை சேர்ந்த அறைகளில் வேண்டும் என்பது என் கணக்கு. சந்தேகப்பட்டவரையும் உறுதியானவரையும் ஒரே அறையில் போடக் கூடாது.

இதெல்லாம் செய்தும் 75 சதவீத அட்டென்டன்ஸ் விதியை அப்படியே வைத்திருந்தால் காய்ச்சல்காரன் மாத்திரை போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருவான். டீம் செலக்‌ஷனும் அப்படித்தான். இருமுகிறேன் என்று சொன்னால் இடம் போகும் என்றால் எவனும் சொல்ல மாட்டான். நோய் விடுப்பு நாட்களை வருகையாகவே எண்ணுவோம், செலக்‌ஷனில் இடம் பிடித்து வைப்போம் என்று திறப்பதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். பல்கலைக்கழகத்திடம் விலக்குக் கேட்டுக் கடிதம் போட வேண்டியதும் அப்போதே.

எப்போது மூடுவது என்பதையும் முன்பே எழுதி வையுங்கள். ஒரே ஹாஸ்டல் பிளாக்கில் ஒரு வாரத்தில் ஒன்றுக்கொன்று தொடர்புள்ள மூன்று பேர் என்றால் அந்த பிளாக்குக்கு மட்டும் வகுப்பும் மேட்சும் நிறுத்தம். தனி நடையும் தனி ஓட்டமும் தொடரலாம். இரண்டு பிளாக்கில் வந்தால் டே ஸ்காலர்களை அன்றே நிறுத்துங்கள். ஆனால் ஹாஸ்டல் மாணவர்களை எக்காரணம் கொண்டும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பெற்றோர் போன் மேல் போன் போடுவார்கள், நிர்வாகமும் கைகழுவத்தான் பார்க்கும். இன்று பெட்டியோடு கிளம்பும் 240 பேரில் எத்தனை பேர் தொற்றோடு போகிறார்கள் என்று எவருக்கும் தெரியாது, ஆனைமலைப் பையன் வீடு சேர இரண்டு பஸ் மாற வேண்டும், வீட்டில் பாட்டி இருப்பாள்.